திருத்தித் தருவதாகச் சொன்ன ரத்தம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பரம்பரையாக வரும் ரத்த நோய்க்குக் காரணமான மரபணுவை வெட்டித் திருத்த முடியுமா என்று கண்ணாடித் தட்டில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். அதற்கு நோயுள்ள குழந்தைகளின் ரத்தம் கொஞ்சம் வேண்டும். பெற்றோரிடம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. நான் நன்றாகப் பேசுவேன் என்று என்னைத்தான் அனுப்புவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அப்படித்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் ஜாக்கெட் துணி வெட்டிக் கொடுப்பவர். அவருடைய ஏழு வயது மகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்திருந்தார். சரி, சீக்கிரம் அனுப்புவோமே என்று, மூன்று பக்கப் படிவத்தைப் படித்துக் காட்டாமல் சுருக்கிவிட்டேன். "ரத்தத்துல ஒரு எழுத்துப்பிழை இருக்கும்மா. அதைத் திருத்தத்தான் கொஞ்சம் எடுத்துட்டுப் போறோம்."

"திருத்திடுவீங்களா மேடம்?"

"திருத்திடுவோம்மா."

என்றைக்காவது ஒருநாள் விஞ்ஞானம் திருத்தும் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து, படிவத்தில் விட்டுப்போன ஏதோ ஒரு விவரம் கேட்க போன் செய்தேன்.

"இன்னா மேடம், ரெடியாயிடுச்சா? எப்ப வந்து வாங்கிக்கறது?" என்றார். எதை என்று கேட்டேன்.

"பாப்பா ரத்தம் மேடம்! திருத்தித் தரேன்னு எடுத்துக்கினு போனீங்களே. பழசும் புதுசும் கலந்துடக் கூடாதேன்னு இந்த தபா ஏத்தவே போவல. ரெண்டு நாளா படுத்துக்கினே கீது."

அளவு ஜாக்கெட் கொடுத்தால் புது ஜாக்கெட் தைத்து வருமே, அதுபோல அந்தச் சின்னக் குழாய் ரத்தத்தை வைத்து நாங்கள் புது ரத்தம் தயாரித்துத் தருவோம் என்று நினைத்திருக்கிறார். ஐயோ கடவுளே, நான் பேசிய பேச்சு அப்படி!

ஆட்டோ பிடித்து ஆற்றோரத்திலிருந்த அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். குழந்தையின் உதடு வெளுத்துப் போயிருந்தது. மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் ஏறி முடிந்து, "பசிக்குதும்மா" என்று அவள் முனகிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அங்கேயே, வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "இது வெறும் சோதனைதாம்மா. பாப்பாவுக்குக் கிடைக்குமான்னு எனக்கே தெரியாது. நான் சொன்ன விதம் தப்பு. மன்னிச்சிடுங்க."

"தெரியாதுன்னு அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா மேடம்?" என்று வெடித்தார். எழுந்து வார்டுக்குள் போனார். மகளின் காலைப் பிடித்துவிட்டபடியே அழுதார்.

'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று மூன்றாம் பக்கத்தில் தெளிவாக அச்சாகியிருந்தது. காகிதத்தைப் பார்த்தால் என் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த நினைப்பே எனக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, வேண்டாமென்றால் அந்த ரத்தத்தை அழித்துவிடுகிறோம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவரே வந்தார். மூன்று பக்கத்தையும் என்னை உரக்கப் படிக்க வைத்து, மறுபடி கையெழுத்துப் போட்டார். "வேற புள்ளைங்களுக்காச்சும் ஆவட்டும். ஆனா ஒண்ணு மேடம், இனிமே எதுக்கு ரத்தம் எடுக்கறீங்கோன்னு புள்ளையப் பெத்தவங்க வாயால சொல்லச் சொல்லிக் கேளுங்க. எங்க கடையில எத்தினி மீட்டர்னு கஸ்டமர் வாயால கேக்காம துணியில கத்திரி வெக்க மாட்டோம். வெட்டுனா வெட்டுனதுதான்."

அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். எனக்குக் கிடைத்த நல்ல சிநேகிதி அவர். பாப்பா இப்போது ஆறாவது படிக்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

தீபாவளிக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போனால், கத்திரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எத்தினி மீட்டர்? நீங்களே சொல்லுங்க மேடம்" என்று வேண்டுமென்றே கேட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன், ஆனால் மரபணுவையே வெட்டத் துணிந்த எனக்கு, வெட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு குழந்தை அன்று அப்படி வெளுத்துக் கிடக்க வேண்டியிருந்ததே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.