ரொறன்ரோ வென்ற நாட்கள்

மொன்றியலின் லாசால் பகுதியில் நான் வேலைசெய்த பெட்டித் தொழிற்சாலையில் அண்ணை ஒருவரும் இருந்தார். மெலிந்த மனிதர். மொன்றியல் பேஸ்போல் அணியின் நீலத் தொப்பியைக் கழற்றவே மாட்டார். அந்த அணி நகரைவிட்டே போன பிறகும், அதன் எதிரியான ரொறன்ரோ அணியின் ஆட்டங்களை வானொலியில் விடாமல் கேட்டார். ரொறன்ரோ வென்றால், மறுநாள் இடைவேளை முழுவதும் சாப்பிடாமல் கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“எங்கடை ரீம்தான் ஊரைவிட்டே போட்டுதே அண்ணை, பிறகேன் கேக்கிறியள்?” என்றேன்.

“என்ரை தம்பி ரொறன்ரோப் பக்கம். அவங்கள் வெண்டால் என்னைச் சீண்டப் போன் எடுப்பான்.”

அந்தத் தம்பி மூன்று வருடங்களுக்கு முன்பே கார் விபத்தில் இறந்துவிட்டதாக, கூட வேலைசெய்த இன்னொருவர் பிறகு சொன்னார்.

பேஸ்போலே புரியாத நான், அதன்பின் ஒவ்வொரு காலையும் ரொறன்ரோ தோற்றிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே வானொலியைத் திருகினேன்.