தலைகீழ் ராணி

ருஃபினோ ட்ரைசிக்கிள் ஓட்டியது வயிற்றுக்காக. மற்றபடி அவர் செஸ் ஆடப் பிறந்தவர் என்று பிலிப்பைன்ஸின் இலொய்லோ நகரில், பிளாசா சதுக்கத்து மரத்தடிக்கு ஆட வருகிற எவரும் சொல்வார்கள். இருபத்தாறு வருஷம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். சொல்லி என்ன பிரயோஜனம்? ஒரு பட்டியலிலும் அவர் பெயர் ஏறவில்லை. இந்தத் திருவிழாவின் ராபிட் என்கிற வேக செஸ் போட்டியில் கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் மாகாண அணியில் இடம். ஐம்பத்துநாலு வயதில் இதை விட்டால் வேறு வாய்ப்பு ஏது?

எதிரே உட்கார்ந்தவர் எலிசியோ. நகராட்சிக் குமாஸ்தா, ருஃபினோ மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் "பரே" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எலிசியோ ஏற்கெனவே இரண்டு முறை அணியில் போய் வந்த மனிதர்.

ருஃபினோவின் சிப்பாய் ராணியாக மாறும் கடைசிக் கட்டத்தைத் தொட்டபோது அவருக்கு மிச்சம் இருபது நொடி. வெட்டுப்பட்ட அவருடைய ராணி எலிசியோவின் கைக்குள் இருந்தது.

"பரே, ராணியக் குடு."

எலிசியோ காது கேளாதவர்போல் பலகையையே பார்த்தார். மரத்தடியில் பாதிக் காய்கள் தொலைந்த செட்டுதான். அங்கே ராணி வேண்டுமென்றால் எல்லோரும் யானையைக் கவிழ்த்து வைப்பார்கள், எலிசியோவும்தான். ருஃபினோ அப்படியே வைத்து கடிகாரத்தை அடித்தார். எலிசியோ தன் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். ருஃபினோ கவிழ்த்த காயைக் குறுக்கே இழுத்து ராஜாவை மடக்கினார்.

"ஆட்டம் குளோஸ், பரே!"

எலிசியோ நிதானமாகக் கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்கினார். நடுவராக வந்திருந்த டீச்சர் குனிந்து பார்த்தார்.

"கவுத்து வச்சாலும் யானை யானைதான் சார். குறுக்க போகாது. தொட்டுட்டீங்க, அதையே நேரா நகர்த்துங்க."

"ராணி அவர் கையில இருக்கு டீச்சர்!"

"அப்போ கடிகாரத்த நிறுத்திட்டு என்னக் கூப்பிட்டிருக்கணும்."

கடிகாரத்தை நிறுத்தலாம் என்பதே ருஃபினோவுக்கு அன்றுதான் தெரியும். எலிசியோவுக்கு அது எப்போதோ தெரியும். சொல்லித்தான் தரவில்லை.

யானையை எங்கே நகர்த்தியும் எலிசியோவின் சிப்பாயைத் தடுக்க முடியவில்லை. அது கடைசிக் கட்டம் ஏறியது. தான் வெட்டிய காய்களை ருஃபினோ மேஜை ஓரத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். எலிசியோ கை நீட்டி அதிலிருந்து தன் ராணியை எடுத்துக்கொண்டார். நான்கு நகர்த்தலில் எல்லாம் முடிந்தது.

ருஃபினோவுக்கு அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பவில்லை. முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

"ரூல் ரூல்தான பரே, மனசுல வச்சுக்காத. ஞாயித்துக்கிழம மரத்தடிக்கு ஆட வருவேல்ல?"

ஊரில் ருஃபினோவுக்கு ஈடாக ஆடக்கூடிய ஆள் அந்த ஒருவர்தான்.

"வரேன்" என்றார் ருஃபினோ.