மாமா சுட்டுக் கொடுத்த இறைச்சி பன்

என் மாமா, அம்மாவின் தம்பி, பட்டிப்பொலப் பக்கம் ஒரு பங்களாவில் சமையல்காரர். எனக்கு எட்டு வயதில், பள்ளிக்கூட லீவுக்கு ஹட்டனில் ரயிலேற்றி என்னைக் கூட்டிப் போனார்.

பங்களாவில் அமெரிக்காத் துரை ஒருவர் தங்கியிருந்தார். அங்கே சமைத்தது எதுவும் அவருக்கு இறங்கவில்லை. தன் ஊர் ரோட்டோரக் கடைகளில் விற்கிற சாப்பாட்டை மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். கொத்திய மாட்டிறைச்சியை வடை மாதிரி தட்டிச் சுட்டு, பன்னைப் பிளந்து நடுவில் வைக்க வேண்டும். மேலே வெங்காயமும் தக்காளி சோஸும். பக்கத்தில் விரல் விரலாகப் பொரித்த உருளைக்கிழங்கு.

எனக்கும் வேண்டும் என்று அழுதேன். மறுநாள் மாமா மழையில் நடந்து போய் ஆட்டிறைச்சி வாங்கி வந்தார். வேறு சட்டியில் சுட்டார். குசினிப் படியில் என்னை உட்கார வைத்துக் கொடுத்தார்.

"இது ஆடு. ஒனக்குன்னு தனியாச் செஞ்சது. வாய நல்லாத் தொற புள்ள."

என் வாய் அவ்வளவு திறக்கவில்லை. சோஸ் முழங்கை வரை வழிந்தது.

"தொரையும் இப்படித்தான் சட்டையெல்லாம் ஊத்திக்கிட்டாரு" என்றார் மாமா.

உறைப்பே இல்லை. ஆனாலும் ருசி.

அடுத்த மாதம் மாமாவுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தார்கள். மாமாவும் ரயிலில் வந்திருந்தார். சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள். இல்லையென்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார்கள். பேச்சு நல்லபடி முடிந்தது. அம்மா இலை போட்டார்.

பெண்ணின் தங்கைக்கு என் வயது. "நாங்க நுவரெலியாவுல கேக்கு தின்னுருக்கோம். நீ தின்னுருக்கியா?" என்று கேட்டாள்.

"நான் அமெரிக்காத் தொரை திங்கிற மாட்டெறச்சி பன்னே தின்னுருக்கேன். மாமாதான் குடுத்தாரு."

ஆடு என்று சொன்னால் அது துரை சாப்பாடு ஆகாதே என்று நினைத்தேன்.

பெண்ணின் அப்பா இலையில் வைக்கப் போன கையை எடுத்துவிட்டார்.

"ஆட்டெறச்சிதாங்க. தனியா வாங்கிச் செஞ்சேன்" என்றார் மாமா.

"பங்களாவுல மாட்டச் சமைக்கிறது ஒங்க வேல, தம்பி. அத வீட்டுப் புள்ளைக்கு ஊட்டுறது வேற."

அம்மா என் தோளைப் பிடித்தார். "என்னடி தின்ன? உள்ளதச் சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையும் பார்த்தாள். அவள் முன்னால் பொய்க்காரி ஆகப் பயந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர்கள் எழுந்து போனார்கள். அம்மா அடிக்கக் கை ஓங்கினார்.

"விடுங்கக்கா, சின்னப் புள்ள" என்றார் மாமா. சாப்பிடாமலே ரயிலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாமா கல்யாணமே செய்யவில்லை. ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கடைசி வரை அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

அன்று சோறும் பாயசமும் நிறைய மிஞ்சியிருந்தன. யாரும் தொடவில்லை. நான் மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பாயசம் மிஞ்சியதில் எனக்குச் சந்தோஷம்தான்.