வரையாட்டின் பேறுகாலமும் என் தங்கையின் அகத்திக் கட்டும்

என் வலது முழங்கால் மூட்டை ஜூன் மாதத்தில் மாற்றிவிடலாம் என்று மருத்துவர் கூறியது சென்ற மார்கழியில். அதன்பின் மேட்டுப் பாதையில் நடக்க இயலுமா என வினவினேன். "பார்க்கலாம்" என்றார். அத்தகைய சொல்லை நம்பிக் காத்திருப்பது என் இயல்பன்று. மூணாறுக்கு அப்பாலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவிற்குச் சென்று, நம் மாநில விலங்காகிய வரையாட்டை என் சொந்த மூட்டுகளோடு நடந்து கண்டுவிடுவதெனத் தீர்மானித்தேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆயினும் சோலைக்காடுகள் குறித்து நூலகத்தில் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தவள் ஆதலின், இப்பயணத்தைத் திட்டமிடுவது அரை நாள் வேலை என்று எண்ணினேன். நான்கு மாதங்கள் ஆயின.

திண்டுக்கல் நாகல் நகரில் வசிக்கும் நானும் என் கணவரும், நிலக்கோட்டையில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் என் தங்கை ஸ்டெல்லாவும் செல்வதாக ஏற்பாடு. தை மாதம் என்றேன். "முகூர்த்த நேரத்துல பூவ விட்டுட்டு எப்பிடிக்கா வாரது?" என்றாள் தங்கை. மாசியில் என்றேன். "தவக்காலத்துல உல்லாசப் பயணமா?" என்று கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவ்விரண்டையும் நான் சமாளித்திருப்பேன். ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடுகள் குட்டி ஈனும் என்பதால் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். பயணம் திட்டமிடுவோர் இதை முதலில் குறித்துக்கொள்க. தங்கைக்கு விளங்கும்படி தொலைபேசியில், "அதுகளுக்கும் பேறுகாலம், ஆள் போகக் கூடாது" என்று சொல்லி வைத்தேன். அவ்வளவு எளிமையாகச் சொல்லியிருக்கக் கூடாது.

ஈஸ்டர் கழிந்த இரண்டாம் செவ்வாய்க்கிழமைக்கு, நண்பகல் பன்னிரண்டு மணி நுழைவுச்சீட்டை இணையத்தில் பெற்றேன். வாடகை வண்டிக்கு, ஓட்டுநர் படி உட்பட, எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசினேன். திண்டுக்கல்லிலிருந்து தேனி, போடி வழியாக மூணாறு ஏறத்தாழ நூற்று அறுபது கிலோமீட்டர். அதிகாலை நான்கரைக்குப் புறப்பட்டு ஐந்தரைக்குள் நிலக்கோட்டையை அடைந்தோம். தங்கை வாசலில் இல்லை. தோட்டத்துப் பக்கம் கைவிளக்கு வெளிச்சம் மட்டும் அசைந்தது.

"செத்த நேரம் இருக்கா, இந்தா வாரேன்!"

அந்தச் செத்த நேரம் ஐம்பது நிமிடங்கள் நீண்டது. இறுதியில் ஓர் உரச்சாக்கைத் தோளில் சுமந்து வந்து வண்டியின் பின்புறம் ஏற்றினாள். என்னவென்று கேட்டதற்கு, "ஒனக்கெதுக்கு? போற எடத்துக்கு வேணும்" என்றாள். வெஞ்சனத்திற்கான காய்கறி என்று நினைத்து விட்டுவிட்டேன். போடியில் இட்லிக்கு அரை மணி. போடிமெட்டு ஏற்றத்தில் கணவருக்குத் தலைசுற்றியதால் மேலும் கால் மணி. மூணாறைத் தாண்டிப் பூங்காவின் நுழைவாயிலை எட்டியபோது மணி பதினொன்று முப்பத்தைந்து.

அங்கே பைகளைச் சோதிக்கும் வனக் காவலர், தங்கை சுமந்துவந்த சாக்கைப் பிரித்தார். உள்ளே அகத்திக்கீரை, கட்டுக் கட்டாக.

"என்ன சேச்சி இது?"

"அகத்தி. குட்டி போட்ட ஆட்டுக்குப் பால் நல்லா ஊறும்."

"காட்டு மிருகத்துக்கு எதுவும் குடுக்கக் கூடாது சேச்சி. இந்தப் பிளாஸ்டிக் சாக்கும் உள்ள போகாது."

"அப்ப புள்ள பெத்தவளப் பாக்க வெறுங்கைய வீசிக்கிட்டா போறது? ஊர்ல நாலு பேரு காறித் துப்ப மாட்டாக?"

"அது மலை ஆடு. நீங்க குடுத்துப் பழக்கினா ரோட்டுக்கு வந்துரும், வண்டியில அடிபட்டுச் சாகும்."

தங்கை அசையவில்லை. "நீ ஒரு கட்டு மட்டும் விடு அப்பு" என்று பேரம் பேசத் தொடங்கினாள்! பின்னால் வரிசை முணுமுணுத்தது. பூங்காவிற்குள் அழைத்துச் செல்லும் பன்னிரண்டு மணிப் பேருந்தில் மக்கள் ஏறிக்கொண்டிருந்தனர். நான்கு மாத உழைப்பு ஒரு கீரைக் கட்டின் முன் மண்டியிட்டு நிற்பதைக் கண்டு, வாழ்நாளில் முதல்முறையாகப் பொதுவிடத்தில் கத்தினேன். "ஏன்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அது நம்ம புள்ள பெத்த வீடா?"

எங்கள் ஓட்டுநர் சாணார்பட்டிக்காரர். ஓடி வந்து சாக்கைத் தூக்கிக்கொண்டார். "குடுங்கம்மா, எங்க வீட்டு ஆடும் ரெண்டு குட்டி போட்டுத்தான் நிக்குது." தங்கை அதற்குச் சமாதானமானாள். பேருந்தில் கடைசி மூன்று இருக்கைகள் எங்களுக்குக் கிடைத்தன.

பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து மேலே தார்ப்பாதையில் நடக்க வேண்டும். சரிவு பார்வைக்கு எளியது; மூட்டுக்கு அன்று. பாதி வழியில் கால் மடங்கியது. தடுப்புச் சுவரில் அமர்ந்துவிட்டேன். மூடுபனி வேறு இறங்கியது. "இம்புட்டுதான் முடியும், திரும்பிருவோம்" என்றார் கணவர். தங்கை மேலே விறுவிறுவென நடந்து வளைவில் மறைந்தாள். எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒருங்கே வந்தன.

சற்று நேரத்தில் ஓடி வந்தாள். "ஏந்திரிக்கா. அந்த வளைவுதான். பனி வெலகிருச்சு. தாயும் குட்டியும் பாறையில நிக்குதுக. என் தோளப் பிடி."

"முடியலடி."

"முடியாதுன்னு ஒன் பொஸ்தகத்துல எழுதியிருக்கா? ஏந்திரி."

உரச்சாக்கைத் தூக்கிய தோள் அது. என் பாரத்தையும் தாங்கியது. வளைவுக்கு அப்பால், கைக்கெட்டும் தொலைவைவிடச் சற்றே தள்ளி, சாம்பல் நிறத் தாய் நின்றது. அதன் வயிற்றடியில் குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது. நாங்கள் மூவரும் பனி மீண்டும் மூடும்வரை நின்றோம்.

செல்வோர் கவனத்திற்கு: நுழைவுக் கட்டணமும் நேரமும் மாறக்கூடும், இணையத்தில் சரிபார்த்தபின் புறப்படுக. கம்பளிச் சட்டை சித்திரையிலும் வேண்டும். ஏறுவதற்கு இரு மடங்கு நேரம் ஒதுக்குக. தனியே செல்வதே நிம்மதி என்றும், கூட்டத்தைச் சேர்ப்பது வீண் என்றும் எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன். அதன் முற்பாதியை இப்போதும் நம்புகிறேன். எனினும் மூட்டு வலி உள்ளவர்கள், எவ்வளவு எரிச்சலூட்டினாலும், தோள் தரக்கூடிய ஒருவரை அழைத்துச் செல்க. என் அறுவை சிகிச்சைக்கான நாளை நேற்று உறுதி செய்துவிட்டேன். மருத்துவமனையில் உடன் தங்குபவர் யார் என்று கேட்டார்கள். ஸ்டெல்லா என்றேன்.