பொன்முடியில் பதினாலு மில்லிமீட்டர்

என் பெரியப்பா பிள்ளை சுமந்துக்கு முப்பத்தாறு வயது. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் மழையைப் பார்த்துக்கொள்கிற வேலை. பார்த்துக்கொள்வது என்றால் வாசலுக்கு வந்து அல்ல. ஜில்லா முழுக்க, மலையிலும் கடற்கரையிலும், அவர்கள் அறுபத்திரண்டு மழைக் கருவிகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை, உள்ளேயிருக்கும் சிம் கார்டு வழியாக, விழுந்த மழையின் அளவை அனுப்பும். அது கழக்கூட்டத்து சர்வரில் வந்து சேரும். அங்கிருந்து நகல் ஒன்று சென்னையிலிருக்கும் சர்வருக்குப் போகும். தேயிலை எஸ்டேட்டுகளும் இன்ஷூரன்ஸ்காரர்களும் இந்த எண்களை வாங்கிக்கொள்கிறார்கள். எண் ஒழுங்காக ஓடினால், போர்டு என்று அவர்கள் சொல்லும் திரையில் பச்சை, நின்றால் சிவப்பு. பச்சையாகவே வைத்திருப்பது சுமந்தின் உத்தியோகம்.

ஏழு வருஷம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் வலியசாலை வீட்டுக்கு வந்தபோது, மாடி அறையில் பாதி அவனுடைய ஆபீஸாக மாறியிருந்தது. மழைக்காலத்தில் ஹைவேயில் ஸ்கூட்டர் ஓட்ட முடியாதாம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. ஜன்னலை அடைத்து வைத்திருப்பான். "மழை பெய்யறதாடா?" என்று கீழேயிருந்து பெரியம்மா கேட்டால், திரையைப் பார்த்துவிட்டு, "இல்லையேம்மா, ஜீரோன்னாக்கும் காட்டறது" என்பான். கொடியில் துணி சொட்டிக்கொண்டிருக்கும்.

சின்ன வயதிலிருந்தே அவன் இப்படித்தான். பரீட்சையில் விடை வராவிட்டால் இடது பக்கத்துப் பையன் எழுதியதையும் வலது பக்கத்துப் பையன் எழுதியதையும் பார்த்து, நடுவாக ஒன்றை எழுதுவான். பெண் பார்க்கப் போன இடத்தில், கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊரில் இருப்பது என்று பேச்சு வந்தது. பெரியம்மா வலியசாலை என்றாள், பெண் பெங்களூர் என்றாள், இவன் சேலம் என்றானாம். சேலத்தில் இரண்டு தரப்புக்கும் யாரும் கிடையாது. அந்த இடம் அத்தோடு முடிந்தது.

இப்படிப்பட்டவன் கம்பெனிக்காக ஒரு புரோகிராம் எழுதினான். ஒரு கருவி பேசாமல் நின்றுவிட்டால், பக்கத்துக் கருவிகள் மூன்றின் சராசரியை எடுத்து அதன் பெயரில் போட்டுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் அப்படிச் செய்யக் கூடாது என்று ஆரம்பத்தில் ஒரு வரம்பு வைத்திருந்தான். போன வருஷம் பெரிய வாடிக்கையாளர்கள் ஆபீசுக்கு வந்த நாளில் சிவப்பு தெரியக் கூடாது என்று மேனேஜர் ஸ்ரீஜித் சொல்ல, வரம்பை எடுத்தான். திரும்ப வைக்கவில்லை. அன்றிலிருந்து இருநூற்றுப் பத்து நாள் சிவப்பே வரவில்லை என்று கேக் வெட்டினார்கள். அந்தப் போட்டோ பூஜை அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் போன் அடித்தது. கருவிப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் நம்பர் அவனுடையது. அன்றுதான் ஒருத்தி அதைப் படித்திருக்கிறாள்.

"சாரே, பொன்முடி எஸ்டேட்டுலேருந்து பொன்செல்வி பேசுறேன். மேல்காட்டு சூப்பர்வைசரு. உங்க பெட்டி செத்துப்போச்சு."

"செத்திருந்தா இங்க சிவப்பு காட்டுமே, சேச்சி. பச்சையாக்கும் இருக்கு. பதினாலு மில்லிமீட்டர்."

"பதினாலா? எங்க ஆபீசு அளவுக் கண்ணாடியில நூத்திப்பத்து வந்துச்சு. நாந்தான் அளந்தேன்."

"அதுல எலை கிலை வல்லதும் விழுந்திருக்கும்."

"நூறு மில்லிமீட்டருக்கு எலையா? அப்ப மரமே விழுந்திருக்கணும் சாரே."

நான் சிரித்துவிட்டேன். அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஸ்பீக்கர் போட்டிருந்ததை மறந்துவிட்டான்.

அவள் நிதானமாகச் சொன்னாள். ஒரு நாள் மழை எழுபதைத் தாண்டினால் மேல்காட்டில் ஆளை ஏற்றக் கூடாது, மண் சரியும் என்பது எஸ்டேட் விதி. எஸ்டேட் மேனேஜர் தன் போனில் வருகிற எண்ணை மட்டும்தான் பார்ப்பார். போனில் எண் வராத நாளில், சூப்பர்வைசர் கண்ணாடியில் அளந்தது செல்லும். மறுநாள் ஏழு மணிக்கு இருபத்திரண்டு பெண்கள் ஏற வேண்டும்.

"பெரிய நம்பரெல்லாம் போட வேண்டாம் சாரே. ஒண்ணும் காட்டாம விடுங்க, போதும்."

"பாக்கறேன், சேச்சி."

பார்த்தான். பொன்முடிக் கருவி ஞாயிற்றுக்கிழமையே நின்றுபோயிருந்தது. விதுரா, பாலோடு, நெடுமங்காடு மூன்றின் சராசரிதான் மலையுச்சியின் பெயரில் போய்க்கொண்டிருந்தது. மூன்றும் மலைக்குக் கீழே இருக்கும் ஊர்கள். ஸ்ரீஜித்தைக் கூப்பிட்டு, ஒரு ஸ்டேஷனை மட்டும் காலியாக விடலாமா என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமை டேட்டா வாங்க சிங்கப்பூர் பார்ட்டி வருது டேய். டெக்னீஷியன் அது கழிஞ்சு மலையேறட்டும். ஒரு பெட்டிக்காக போர்டைச் சிவப்பாக்காதே, கேட்டியா."

மறுநாள் காலை ஆறேகாலுக்கு, குளித்து விபூதியும் இட்டுக்கொண்டு அவன் செய்த காரியத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எஸ்டேட் போனுக்கு எண் போவது சென்னை சர்வரிலிருந்து. ஆபீஸ் போர்டு படிப்பது கழக்கூட்டத்து சர்வரை. இரண்டுக்கும் நடுவிலிருந்த இணைப்பை அறுத்தான். சென்னையில் மட்டும் பொன்முடியைக் காலியாக்கினான். ஒரே மலையில் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் அன்றும் அதே பதினாலு, இன்னோரிடத்தில் ஒன்றுமில்லை.

"பாத்தயா? அவாளுக்கு எண் வராது. இவாளுக்குப் பச்சை. ரெண்டு பேருக்கும் சந்தோஷம்."

"மழைக்கு?"

"நீ சும்மா இருடீ."

ஏழு மணிக்குப் பொன்செல்வி பேசினாள். கண்ணாடியில் அன்று நூற்று முப்பத்தைந்து. மேல்காடு அடைத்தாயிற்று, எல்லோரையும் கீழ்க்காட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். சுமந்து இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தான். நாட்டைக் காப்பாற்றியவன் போல ஜன்னலைக்கூடத் திறந்தான்.

ஆனால் இணைப்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் அறுந்து கிடந்தால், சென்னையிலிருந்து ஸ்ரீஜித்துக்குத் தானாகவே தகவல் போய்விடும். ஒன்பது மணிக்கு அவன் இரண்டையும் சேர்த்தான். சேர்க்கும்போது கம்ப்யூட்டர் கேட்டது: இரண்டு நகல்களில் எதை வைத்துக்கொள்வது? எண் உள்ளதை என்று அழுத்தினான்.

"வேலைக்குப் போயாச்சே. இனிமே யாரு பாக்கப் போறா?"

எஸ்டேட் மேனேஜர் பார்த்தார். இருபது நிமிஷத்தில் பொன்செல்வியின் போன் வந்தது. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"சாரே, மறுபடி பதினாலு வந்திட்டு. டேட்டா வந்தாச்சு, மேல ஏறுங்கன்னுட்டாரு. சொல்லிப் பாத்தேன், போனை மூஞ்சிக்கு நேரா நீட்டுறாரு. எல்லாம் ஏறிட்டிருக்கு. நானும் பின்னாலேயே ஏறுறேன். மண்ணு காலுக்கடியில நழுவுது."

சுமந்து என்னைப் பார்த்தான்.

"என்னை என்ன பாக்கற? என் நெத்தியில சராசரி எழுதியிருக்கா?"

அவன் திரும்பி, இரண்டு சர்வரிலும் பொன்முடிக்கு அந்தப் புரோகிராமை நிறுத்தினான். திரையில் சிவப்பு வந்தது. எனக்கு அது அப்படியொன்றும் பெரிதாகத் தெரியவில்லை, ஒரு பட்டாணி அளவுதான்.

"எடுத்துட்டேன், சேச்சி. அவரை இப்பப் பாக்கச் சொல்லுங்கோ."

"அவரு பாக்கட்டும் மெதுவா. ஏய் ரத்னாபாய், நில்லு. எறங்கு. நம்பரு போயிட்டு, இனி நான் அளந்ததுதான் கணக்கு. எல்லாரும் எறங்குங்க." போனை அணைக்காமலே அவள் கத்திக்கொண்டிருந்தாள். செடிகளுக்குள் ஆட்கள் உரசி இறங்குகிற சத்தம் கேட்டது. கடைசி ஆள் கீழே ரோட்டுக்கு வந்ததை எண்ணிச் சொல்லும்வரை சுமந்து போனை வைக்கவில்லை. அதற்குள் ஸ்ரீஜித் நான்கு தடவை அழைத்திருந்தார்.

"போர்டுல என்ன டேய் சிவப்பு?"

"பொன்முடி, சார்."

"பதினாலுன்னு இருந்துதே."

"அது விதுராவும் நெடுமங்காடும் சார். பொன்முடில எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது. மூணு நாளாத் தெரியாது."

"வெள்ளிக்கிழமை அவனுகளுக்கு முன்னால நீயே இதைச் சொல்லு," என்று ஸ்ரீஜித் வைத்துவிட்டார்.

பெரியம்மா இதைத் தைரியம் என்று சொல்லித் தெரு முழுக்கப் பரப்பினாள். தைரியமெல்லாம் இல்லை. ஒளிந்துகொள்ள மூன்றாவதாக ஒரு சர்வர் இல்லை, அவ்வளவுதான். அன்று மலை சரியவுமில்லை. அரைநாள் கொழுந்து போயிற்று என்று எஸ்டேட் மேனேஜர் கம்பெனிக்குப் புகார் எழுதினார். கூடவே, கருவி சரியாகும்வரை பொன்செல்வியின் அளவுதான் செல்லும் என்றும் எழுதிக் கொடுத்தார். அவளுக்கு அது போதும். நன்றி சொல்லக்கூட அவள் திரும்பக் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை சுமந்து டை கட்டிக்கொண்டு போய் சிங்கப்பூர்க்காரர்களுக்கு முன்னால் நின்று சொன்னான். அவர்கள் கோபப்படவில்லையாம். ஒரு கேள்விதான் கேட்டார்களாம்: அறுபத்திரண்டில் இன்னும் எத்தனை இப்படி நிரப்பப்படுகின்றன?

இருநூற்றுப் பத்து நாளுக்கு மேலாகியும் யாரும் அதை எண்ணியிருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து எண்ணினார்கள். பொன்முடி போக இன்னும் ஒன்பது. அதில் ஒன்று அந்த ஆபீசின் மொட்டை மாடியிலேயே இருந்தது.