தாலி கட்டும் நேரத்தில் கார்ப் பந்தயம்

வீடியோக் கசற்றின் முதுகில் என் கையெழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது: "எங்கள் கலியாணம். அழிக்கக் கூடாது." மேலே எவரும் பதியாதபடி ஓரத்திலிருந்த சிறு பிளாஸ்டிக் தகட்டையும் நானே உடைத்திருந்தேன். உடைத்த இடத்தில் மஞ்சளாகிப்போன ஒட்டுநாடா ஒன்று இருக்கிறது. அது அண்ணையின் வேலை.

அண்ணை எனக்கு உறவில்லை. எண்பதுகளின் கடைசியில் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். என் மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளை இங்கே அழைப்பதற்கான மனுவுக்குப் பதிலே வரவில்லை. கலியாணப் படங்கள் ஷெல்லடியில் வீட்டோடு எரிந்துவிட்டன. எங்கள் திருமணம் உண்மையானது என்று காட்ட மிஞ்சியது, வழக்கறிஞர் கேட்டிருந்த இந்தக் கசற் ஒன்றுதான்.

அண்ணைக்கு அமெரிக்கக் கார்ப் பந்தயப் படங்களில் பைத்தியம்; அதுவும் சினிமா பேசத் தொடங்கிய காலத்துப் படங்களில். தொலைக்காட்சியில் ஒன்று வந்தால் சோறு அடிப்பிடித்தாலும் எழும்பமாட்டார். தோல் தொப்பி, புழுதி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஒரு மெக்கானிக். எல்லாப் படத்திலும் கதை ஒன்றே: திமிர் பிடித்தவன் தோழனைப் பலிகொடுப்பான், குடிப்பான், திரும்பி வந்து கடைசிச் சுற்றில் வெல்வான். திரையின் அடியில் ஓடும் டேனிஷ் எழுத்துகளைப் பாதி வாசித்து, மீதியைத் தானே இட்டுக்கட்டி எனக்கு விளக்குவார்.

ஒருநாள் கெட்டிமேளம் தொடங்கும் இடத்தில் கசற்றை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து போட்டால், மேளத்தைத் தொடர்ந்து கார்கள் உறுமின. பந்தயம் முடிந்து கலியாணம் திரும்பியபோது எங்கள் சனம் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணை, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"படத்தின்ரை கடைசிக் கட்டத்தை மட்டும்தான் பதிஞ்சனான், தம்பி. உந்தத் தகடு உடைஞ்செல்லே கிடந்தது. ஒட்டித் திருத்தியும் விட்டனான்."

"உடைச்சது நான்! ஆரும் பதியக்கூடாதெண்டு உடைச்சனான்!"

"அப்ப எழுதி வைச்சிருக்கலாமே?"

"எழுதித்தானே கிடக்கு!"

"கண்ணாடி போடேல்லையடாப்பா."

வேறு வழியில்லாமல் அதையே வழக்கறிஞரிடம் கொண்டுபோனேன். ஐயர் மந்திரம் சொன்னார், மேளம் உச்சத்துக்குப் போனது, எண்ணெய் வழியும் முகத்தோடு ஒருவன் வளைவில் திரும்பினான். வழக்கறிஞர் அம்மா கண்ணாடியைக் கழற்றி, "இதில் மாப்பிள்ளை யார்?" என்று டேனிஷில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பதில் இல்லை. கசற்றைக் கெடுத்தவரோடு ஒரே அடுப்பில் சமைப்பது எவ்வளவு கொடுமை என்பது எனக்குத்தான் தெரியும். அவரோ, "கடைசிச் சுத்து வரட்டும், தம்பி" என்பார். கரண்டியை எறியலாம்போல இருக்கும்.

பின்னர்தான் செய்தி வெளிவந்தது. எங்களைப் போன்றவர்களின் குடும்ப மனுக்களை மேலிடத்திலேயே நகரவிடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். நாடே 'தமிழர் வழக்கு' என்று பேசத் தொடங்கியது. அண்ணை பத்திரிகையை விரித்துக்கொண்டு வந்தார். "பாத்தியே? என்ரை கசற்றாலை இல்லை."

"உங்கட கசற்றோ, அண்ணை?" என்றேன். மனு நகராமல் கிடந்ததற்கு அவர் காரணமில்லைத்தான். தாலி கட்டியது அழிந்ததற்கு அவரே காரணம். இரண்டையும் நான் என்றும் ஒன்றாகக் கலந்ததில்லை. அவர்தான் முதலாவதைக் காட்டி இரண்டாவதிலிருந்தும் தப்பிக்கொண்டார்.

மனுக்கள் நகரத் தொடங்கியபின் மனைவி வந்து சேர்ந்தாள். இப்போதும் கலியாண நாளில் இந்தக் கசற்றைப் போடச் சொல்வாள். கெட்டிமேளம் கேட்டதும் என் கை தானாக ரிமோட்டுக்குப் போகும்.

"பொறுங்கோ, நிப்பாட்டாதேங்கோ" என்பாள். "அவன் வெல்லட்டும். பிறகு நாங்கள் பந்திக்குப் போவம்."