‘நெ நெ’ என்றால் கொஞ்சம்

போன வாரம் ஒரு தட்டு நிறையத் தோட்டாக்களை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றேன். எதிரே மா சூ கையை நீட்டியபடி நின்றார். பிஸ்டல் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கும் பெண். அவர் கேட்டு நான் இல்லை என்று சொன்னதே கிடையாது.

"இன்னும் ஆகலை" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

"கோ கண்ணனுக்குப் பேசக்கூட வருதே" என்று என்னைப் பர்மா மொழியில் கேலி செய்துவிட்டுப் போனார். பெயருக்கு முன்னால் வரும் மா, கோ, ஊ எல்லாம் இங்கே மரியாதைச் சொல்.

நான் கூச்சக்காரன் என்பது உங்களுக்குத்தான் தெரியுமே... எழுதும்போது மட்டும்தான் எனக்கு வாய் நீளும்.

பர்மாவில், மிங்கலாடோன் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் எனக்கு வேலை. ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சித் தோட்டா நாங்களே போட்டுக் கொடுப்போம். நாங்கள் என்றால் நானும் சின்னையா அண்ணனும். சுட்டு முடித்த பித்தளை உறையில் மறுபடி மருந்து இட்டு, மேலே குண்டை வைத்துப் பிரஸ்ஸில் அமுக்குவது.

குண்டு எவ்வளவு உள்ளே இறங்க வேண்டும்? அதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே நின்றால் தோட்டா துப்பாக்கிக் குழாயில் உட்காராது. ரொம்ப இறங்கினாலோ உள்ளே இடம் சுருங்கி, அழுத்தம் ஏறி, துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம்.

புதுக் குண்டு வந்தால் புதிதாகத் தேட வேண்டும். பிரஸ்ஸின் திருகைத் துளித்துளியாக இறக்கி, மருந்தில்லாத தோட்டா ஒன்றைக் கழற்றிய குழாயில் போட்டுப் பார்ப்போம். சரியாக உட்கார்ந்தால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். நான் தலையாட்டுவேன். அண்ணனும் தலையாட்டுவார்.

அண்ணனோடு எனக்குத் தமிழ்தான். வேலைக்கு மட்டும் பர்மா மொழி – அப்படித்தான் கற்றுக்கொண்டோம். ‘நெ நெ’ என்றால் கொஞ்சம். ‘நெட் நெட்’ என்றால் ஆழமாக. அந்த ‘ட்’ தொண்டையிலேயே நின்றுவிடும், வெளியே வராது. நல்ல காதுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அன்று வந்தது புதுக் குண்டு. குழாயில் போட்டேன், உட்காரவில்லை. இன்னும் ஒரு துளி இறக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஊ வின் என் பக்கத்தில் வந்து நின்றார். பெரிய ஆட்கள் வந்தால் என் தலை தானாகக் குனிந்துவிடும். குனிந்தபடியே "நெ நெ, அண்ணே" என்று சொல்லிவிட்டு, ஊ வின் கூப்பிட்ட வேலைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது தட்டு நிறைந்திருந்தது. அத்தனையும் குட்டையாக நின்றன. மா சூ கையை நீட்டியது அப்போதுதான்.

அவர் போனதும் அண்ணனிடம் கேட்டேன்.

"ஏண்ணே இவ்ளோ எறக்கிட்டீங்க?"

"நீதானடா நெட் நெட்னு சொன்ன."

"நெ நென்னு சொன்னேண்ணே."

"அதத்தானே நானும் சொல்றேன்."

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. பழைய தோட்டா ஒன்றை எடுத்துக் குழாயில் போட்டேன். டொக். தலையாட்டவில்லை. குனிந்து குழாயையே பார்த்துக்கொண்டு கேட்டேன்: "விழுந்துச்சா அண்ணே?"

அண்ணன் என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"மூஞ்சியக் காட்டுடா."

இத்தனை காலமும் அவர் கேட்டது டொக்கை இல்லை. என் தலையாட்டலை. எங்கள் மேசை சுடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சத்தம் தடுக்கக் காதில் மாட்டுவதெல்லாம் ஆட்டக்காரர்களுக்கு, எங்களுக்குப் பஞ்சுதான். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவன் நான். என் முகத்தை ஒரு மனிதர் இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்... நான் குனிந்ததும் அவருக்கு எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணு கையில வெடிச்சிருந்தா?" என்றார். பிறகு அவரே, "லைங் தாயா பக்கம் ஏதாவது ஃபேக்டரிக்குப் போயிடறேன். அங்க மிஷின் சத்தத்துல எவனுக்குமே காது கேக்காது" என்றார்.

இந்த வயதில், இந்தக் காதோடு, அங்கே யார் வேலை தருவார்கள்? அது அவருக்கும் தெரியும்.

"எனக்குக் காது கேக்கலன்னு ஊ வின்கிட்ட நீயே போய்ச் சொல்லிடு."

"நானா? நீங்களே சொல்லலாமேண்ணே."

"நான் சொன்னா, அவர் என்ன பதில் சொன்னாருன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

போனேன். யாரும் கூப்பிடாமல் ஊ வின் அறைக்குள் நான் போனது அன்றுதான். ஊ வின் கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: அந்த மேசைக்கு இனி அவர் வேண்டாம். கொடுக்க வேறு வேலையும் இல்லை.

கெட்ட சேதியை ஏன் எல்லோரும் தாழ்ந்த குரலிலேயே சொல்கிறோம்?

திரும்பி வந்தேன். அண்ணன் அந்தத் தட்டிலிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். உறை ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். நான் வந்த நிழல் பட்டு நிமிர்ந்தார்.

நான் குனியவில்லை. வாயும் திறக்கவில்லை.

"சரிடா" என்றார். அண்ணனுக்குக் கேட்டுவிட்டது.